எபிடோரஸில் ஒரு ‘இஞ்சாருங்கோ’

சுற்றுலா நடத்துகிறவனின் தொழில் ஆட்களை எண்ணுவது. இடையில் நேரம் கிடைத்தால் சில ஊர்களையும் காட்டுவான்.

அதற்கு முன் நான் பத்திரிகையில் இருந்தேன். கொழும்பில் ஒரு தினசரி, பிறகு ரொறன்ரோவில் ஒரு வாரப் பத்திரிகை. மரண அறிவித்தலில் பேரப்பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட விடுபடாமல் எண்ணிப் பழகியவன். ரொறன்ரோப் பத்திரிகை மூடப்பட்டபோது, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்த ஒரு பயண முகவர் நிலையம் என்னைக் கூப்பிட்டது. “உங்களுக்குத் தமிழும் தெரியும், பொறுமையும் இருக்கும்” என்றார் முதலாளி. தமிழ் தெரியும் என்பது உண்மை.

சொந்தக்காரரோடு ஒரே பஸ்ஸில் ஒரு முழு நாள் போய்வந்த எவரும் என் இனம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவர்களுக்கு இது விளங்காது. போன வருடம் முப்பத்திரண்டு பேரை எட்டு நாள் கிரேக்கத்துக்குக் கூட்டிப் போனேன். எட்டு நாளையும் சொன்னால் உங்களுக்கும் பிரஷர் ஏறும். கடைசி நாளை மட்டும் சொல்கிறேன். அதற்கு முந்தின நாளில் இருந்து ஒரேயொரு துளி.

அம்மன் தரிசனம்

விளம்பரத் துண்டை எழுதியவன் நான்தான். ‘பண்டைய கிரேக்கச் சிதைவுகள்’ என்று எழுதியிருந்தால் நானும் சாரதியும்தான் போயிருப்போம். ஆகவே ‘அதீனா அம்மன் ஆலயம் உட்படப் பல திருத்தலங்கள்’ என்று போட்டேன். இரண்டு வாரத்தில் பஸ் நிறைந்தது.

அதன் பலனை ஏதென்ஸ் மலை உச்சியில் அனுபவித்தேன். பதினான்கு பேர் செருப்பைக் கழற்றினார்கள். வெயிலில் கொதித்த பளிங்கில் கால் வைத்ததும் பதினான்கு பேரும் திரும்பப் போட்டார்கள். பட்டுச் சேலையில் வந்திருந்த ஓர் அன்ரி கைப்பைக்குள் இருந்து கற்பூரத்தை எடுத்தார். காவலாளி விசிலை எடுத்தார். உள்ளே சிலை இல்லை, மேலே கூரை இல்லை, ஒரு பக்கம் முழுக்க இரும்புச் சாரம் கட்டியிருந்தது. இன்றைக்கு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அன்ரி சாரத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார். பிறகு கற்பூரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தபடி மற்றவர்களுக்கு அறிவித்தார்: “கும்பாபிஷேக வேலை நடக்குது போல. முடிஞ்ச பிறகு ஒருக்கா வருவம்.”

தபால்காரன்

கடைசி நாள், சனிக்கிழமை, காலை ஏழரைக்கு ஏதென்ஸில் இருந்து புறப்பட்டோம். கொரிந்த் கால்வாய், மைசீனி, எபிடோரஸ், பின்னேரம் திரும்ப ஏதென்ஸ். ஞாயிறு விமானம்.

பஸ்ஸின் முன் இருக்கையில் சரோஜா அக்கா. கடைசி இருக்கையில் அவருடைய கணவர் சிவபாதம் அண்ணை. இருவருக்கும் இடையில் முப்பது பேரும் மூன்று வாரமும் இருந்தன. கல்யாணம் முடித்து நாற்பத்தாறு வருடம், கதைக்காமல் விட்டு மூன்று வாரம். காரணம் வீடு. இருபத்தெட்டு வருடமாக இருக்கும் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரௌவ்வில்லில் தான் வாங்கிய புது வீட்டின் பேஸ்மென்டுக்கு வந்து இருக்கும்படி மகன் கேட்கிறான். அக்காவுக்குச் சம்மதம். அண்ணைக்கு இல்லை. ஸ்காபரோவில் வாசலில் இறங்கினால் பஸ், நாலு நிமிட நடையில் பிளாசா, அங்கே தேத்தண்ணியும் அரசியலும். ஸ்ரௌவ்வில்லில் பால் வாங்கவும் கார் வேண்டும். அண்ணையின் லைசென்ஸோ கண் பரிசோதனையோடு போய்விட்டது. திங்கட்கிழமை வீட்டு முகவர் பத்திரத்தோடு வருகிறார், இரண்டு கையெழுத்தும் வேண்டும். இந்தப் பயணத்தைப் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுத்த மகன், விமான நிலையத்தில் என்னைத் தனியாக இழுத்து, “அங்கிள், நல்ல வியூ ஒண்டு பாத்து, மூட் ஓகேயா இருக்கேக்க, அப்பாவை ஓம் எண்டு சொல்ல வையுங்கோ, ப்ளீஸ்” என்று கேட்டிருந்தான். அந்த வேலைக்கு என் முதலாளி சம்பளம் தருவதில்லை.

எனவே பஸ்ஸின் நடுவழியில் நான் தபால்காரன். “தம்பி, அவர் பிரஷர் குளிசை போட்டவரோ எண்டு கேளுங்கோ.” பின்னால் போனேன். “போட்டாச்செண்டு சொல்லும்.” முன்னால் வந்தேன். “சாப்பிட முன்னமோ, சாப்பிட்ட பிறகோ?” பின்னால் போனேன். நாலாம் தரம் வளைவொன்றில் யாரோ ஒருவரின் மடியில் விழுந்தெழும்பிப் போய் நின்றபோது, அண்ணை சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “தம்பி, இது பஸ், ஆசுப்பத்திரி இல்லை எண்டு அந்த மனுசியிட்டைச் சொல்லும். கோவமாய்ச் சொல்ல வேண்டாம், ஆறுதலாய்ச் சொல்லும்.”

பாலம்

எங்கள் கிரேக்க வழிகாட்டி எலேனி தொல்லியல் படித்தவர். ஆங்கிலத்தில் அவர் சொல்வதை நான் தமிழாக்க வேண்டும். கொரிந்தில் நிலத்தைக் கத்தியால் கீறியது போலக் கால்வாய். அந்தக் காலத்தில் கப்பல்களைத் தரையில் ஏற்றி இழுத்துக்கொண்டே மறுகரைக்குப் போனார்கள், அரசர்கள் வெட்டத் தொடங்கித் தொடங்கிக் கைவிட்டார்கள் என்று எலேனி உருகி உருகிச் சொன்னார். நான் தமிழாக்கி முடித்ததும் ஏழு கைகள் உயர்ந்தன. ஏழும் வோஷ்ரூம் எங்கே என்ற ஒரே கேள்வி.

மகனுக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று அனுப்ப வேண்டும். அக்கா கால்வாய்க்கு மேலிருந்த பாலத்தின் இந்த முனையில், அண்ணை அந்த முனையில். இரண்டு பேரும் நகர மறுத்தார்கள். நான் பின்னால் போய், இன்னும் பின்னால் போய், பாலம் முழுவதையும் சேர்த்து எடுத்தேன். படத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் நின்ற லூர்து அண்ணை அதை எட்டிப் பார்த்தார். இவர் மன்னார்க்காரர், இப்போது பிக்கரிங்கில், தனி ஆள். எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார், கேட்காமலே தருவார். “ஐசே, நடுவில நிக்கிற பாலத்தை வடிவாய் எடுத்திருக்கிறீர். ரெண்டு பக்கத்தாலும் மிதி வாங்குறது அதுதானே, உம்மைப் போல.”

சிங்க வாசல்

மைசீனி ஒரு மொட்டைக் குன்று. மூவாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட கோட்டை. வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே எழும்பி நிற்கின்றன. தலைகள் எப்போதோ விழுந்துவிட்டன. ஐரோப்பாவின் மிகப் பழைய பெருஞ்சிற்பங்களில் ஒன்று என்று எலேனி சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. நானும் என்னால் முடிந்தவரை தழுதழுத்துத் தமிழாக்கினேன். கூட்டம் அமைதியாக நின்றது. வியப்பு என்று நினைத்தேன். என் தொழிலில் இப்படித் தப்பாக நினைப்பது சகஜம்.

பின்னால் இருந்து சிவபாதம் அண்ணையின் குரல் வந்தது. “சிங்கத்துக்குப் பயந்துதான் தம்பி நாங்கள் கனடாவுக்கு ஓடினனாங்கள். நீர் என்னெண்டால் மலையேத்தி, வெயிலில நிப்பாட்டி, அதை அண்ணாந்து பாக்கச் சொல்லுறீர்.” எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். ஏன் என்று எலேனி கேட்டார். எங்கள் நாட்டுக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கத்தில் இருந்து தொடங்கி விளக்க வெயில் இடம் தரவில்லை. சிரித்தவர்களில் சரோஜா அக்காவும் ஒருவர். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திடீரென்று சண்டை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தை இழுத்து நேராக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: “நான் சிரிக்கேல்லை எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ.”

இலையும் சோறும்

மதியச் சாப்பாட்டுக்கு ஓர் ஊர் உணவகம். திராட்சை இலைக்குள் சோற்றைச் சுருட்டி அவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். லூர்து அண்ணை முள்ளுக்கரண்டியால் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, “சோத்தை இலையில போட்டுத் திண்டிருக்கிறன், சோத்தோட இலையையும் திண்டதில்லை” என்றார். அடுத்த நிமிடம் பதினேழு கைப்பைகள் திறந்தன. மிளகாய்த்தூள் போத்தல், ஊறுகாய், ஒருவரிடம் பொரித்த மோர் மிளகாய். பரிமாற வந்த பையன் தூளைச் சுண்டுவிரலால் தொட்டு நக்கிவிட்டு உள்ளே ஓடினான். அவனை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை.

நீள மேசையின் ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் அண்ணை. அக்காவின் தூள் போத்தல் கைமாறிக் கைமாறி அண்ணையிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கச் சொல்லவும் இல்லை. அது தானாகப் போனது. அண்ணை தூவினார், சாப்பிட்டார், போத்தலைத் திருப்பி அனுப்பினார். கூடவே கடதாசியில் சுற்றி, தன் பங்குத் தேன் பலகாரத்தையும் அனுப்பினார். அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார், கடைசித் துணுக்குவரை சாப்பிட்டார், விரலைத் துடைத்தார், பிறகு என்னிடம் முறையிட்டார்: “எனக்குச் சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சுகொண்டும் இனிப்பு அனுப்புறார். என்னை அனுப்பிப்போட்டு வீட்டைத் தனிய வைச்சிருக்கிற பிளான் போல.”

நித்திரை வைத்தியம்

எபிடோரஸ் அந்தக் காலத்து வைத்தியத் தலம். நோயாளிகள் ஒரு மண்டபத்தில் படுத்து நித்திரை கொள்வார்களாம். வைத்தியக் கடவுள் கனவில் வந்து என்ன மருந்து, என்ன பத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவாராம். தூண்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவில் நின்று எலேனி இதைச் சொன்னபோது, முதல் முறையாக எங்கள் ஆட்கள் உண்மையான அக்கறையோடு கேட்டார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குத் தோள், எல்லோருக்கும் பிரஷர். இப்போதும் வருவாரோ என்று ஒரு அன்ரி கேட்டார். இப்போது இது நூதனசாலை என்றேன். எல்லோருடைய முகமும் விழுந்தது. லூர்து அண்ணை மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டினார்: “ரெண்டாயிரம் வருசமாய் ஒண்டும் மாறேல்லை, ஐசே. நாங்களும் எமர்ஜென்சியில கதிரையில இருந்து நித்திரை கொண்டுதான் பாக்கிறம். இவையளுக்குக் கனவிலயாவது டொக்டர் வந்திருக்கிறார்.”

முப்பத்தொன்று

அடுத்தது அரங்கு. மலைச்சரிவில் விசிறி போலக் கல் இருக்கைகள், ஐம்பத்தைந்து வரிசை. கீழே வட்டமான மேடை, அதன் நடுவில் ஒரு கல். அந்தக் கல்லில் நின்று எலேனி ஒரு கடதாசியைக் கிழித்தார். நான் உச்சி வரிசைக்கு அருகில் நின்றேன். என் காதுக்குப் பக்கத்தில் கிழிந்தது போல இருந்தது. அரை மணி நேரம் சுற்றிப் பாருங்கள், நாலரைக்குப் பஸ் என்று சொல்லிவிட்டேன். நாலரைக்கு எண்ணினேன். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்று. சிவபாதம் அண்ணை இல்லை.

அண்ணையின் கைத்தொலைபேசி அக்காவின் கைப்பைக்குள் மணியடித்தது. அக்கா பையைத் திறந்து அதைப் பார்த்தார். “தம்பி, உடனே வரச்சொல்லி அவரிட்டைச் சொல்லுங்கோ” என்றார் பழக்கத்தில். “கண்டால்தானே அக்கா சொல்லலாம்” என்றேன். எல்லோரும் திரும்ப அரங்குக்குள் போய் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள். நான் நடுக்கல்லில் ஏறி நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். “சிவபாதம் அண்ணை!” பதில் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கை தட்டினார். மனைவி கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்றார் எலேனி. அங்கேதான் சிக்கல். சரோஜா அக்காவின் தலைமுறையில் மனைவி கணவனின் பெயரை வாயால் சொல்வதில்லை. விமான நிலையத்தில்கூட அதிகாரி கேட்டபோது கடவுச்சீட்டைத் திறந்து பெயரை விரலால் காட்டியவர். நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை என்று நான் விளக்கியதும் எலேனி வாயைத் திறந்தபடி நின்றார்.

அக்கா கல்லில் ஏறினார். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. குசினியில் இருந்து ஹோலுக்குக் கூப்பிடுகிற அளவான குரலில் ஒரு சொல்தான் சொன்னார். “இஞ்சாருங்கோ.”

‘இங்கே பாருங்கோ’ என்பது தேய்ந்து வந்த சொல் அது. யாழ்ப்பாணத்தில் எல்லாக் கணவன்மாருக்கும் அதுதான் பெயர். அரங்கின் பதினொரு மூலைகளில் இருந்து எங்கள் பதினொரு கணவன்மார் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். “ஓம்!” “என்னப்பா?” “வாறன், வாறன்!” ஒருவர் வோஷ்ரூமுக்குள் இருந்து பெல்ட்டைப் பிடித்தபடி ஓடி வந்தார். என் பக்கத்தில் நின்ற லூர்து அண்ணையும் திரும்பியதைக் கண்டேன். நான் பார்த்ததைக் கண்டு அசடு வழிந்தார். “மனுசி போய் ஆறு வருசம், ஐசே. கழுத்துக்கு இன்னும் அது தெரியேல்லை.” அப்போது உச்சி வரிசைக்கும் பின்னால், பைன் மரங்களின் நிழலில், புல்லுக்குள் இருந்து ஒரு வெள்ளைத் தொப்பி மெல்ல எழுந்தது. மூன்று வாரத்தில் தபால்காரன் இல்லாமல் வந்த முதல் வார்த்தை அதுதான்: “ஓம். இஞ்சதான் கிடக்கிறன். ஏன் கத்துறீர்?”

மேடைப் பேச்சு

இனி நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அந்தக் கல்லில் நின்று மூச்சு விட்டாலும் உச்சிக்குக் கேட்கும் என்பதை அக்கா மறந்துவிட்டார். அண்ணை ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே பதில் சொன்னார். முப்பது பேரும், ஒரு பிரெஞ்சுக் குழுவும், ஒரு பஸ் நிறைந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டோம்.

“தம்பி கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

“கேட்டது. அவர் விடியத் துவங்கிக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.”

“அப்ப ஏன் ஓம் எண்டு சொல்லேல்லை?”

“நீர் கூப்பிடேல்லையே.”

அக்கா கைப்பையை நெஞ்சில் இருந்து இறக்கினார். பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது. “மாசி மாசம் ஸ்னோ தள்ளப் போய் ட்ரைவ்வேயில விழுந்து கிடந்தியள். நான் குசினிக்குள்ள நிண்டு இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ எண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான்? ஓம் எண்டு ஒரு சத்தம் வந்ததோ? அண்டைக்குத்தான் எனக்கு அந்த வீடு வெறுத்தது. பேரப்பிள்ளையளோட இருக்கிற ஆசையிலயே ஸ்ரௌவ்வில் எண்டனான்? அதுகள் போனைத்தான் பாக்குதுகள், என்னையே பாக்குதுகள்? நான் கூப்பிட்டு நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டில், ஓடி வர ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

அண்ணை பாதி வழியில் நின்றுவிட்டார். “உதை ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களே?”

“எனக்குப் பயமாய் இருக்கு, சரோஜா. அது பஸ் இல்லாத ஊர். அவன் வேலையால வருமட்டும் நான் நிலக்கீழ் சன்னலுக்கால ஆக்களின்ரை சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? பாண் வாங்கவும் பிள்ளையைக் கேக்கவோ?”

அக்கா கைப்பையைத் திறந்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். கடைசிப் படிகளை அண்ணை சற்று வேகமாக இறங்கினார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணை தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். அண்ணையும் அக்காவும் என்ன பேசினார்கள் என்று எலேனி என் காதில் கேட்டார். வீடு விற்பது பற்றி, யார் யாரைக் கவனிப்பது என்பது பற்றி, இதுவரை சொல்லாத ஒன்றைப் பற்றி என்றேன். எலேனி நேரத்தைப் பார்க்க மறந்து அந்த இருவரையும் பார்த்தபடி சொன்னார்: “இந்த மேடையை இதற்காகத்தான் கட்டினார்கள். இவ்வளவு நாளும் நான்தான் கடதாசி கிழித்துக்கொண்டிருந்தேன்.”

கையெழுத்து

ஏதென்ஸ் திரும்ப இரண்டு மணித்தியாலம். சிவபாதம் அண்ணையும் சரோஜா அக்காவும் முன் இருக்கையில் ஒன்றாக இருந்து, மூன்று வாரத்து நிலுவைச் சண்டையை ஒரு நிமிடம்கூட இடைவேளை விடாமல் பிடித்து முடித்தார்கள். தபால்காரனுக்கு வேலை போய்விட்டது. கடைசி இருக்கையில் படுத்து நித்திரை கொண்டேன். எந்தக் கடவுளும் கனவில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மகன் அழைத்தான். திங்கட்கிழமை இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டதாம். வீட்டை விற்கச் சம்மதமாம். வாழ்த்துச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். தாயும் தகப்பனும் ஸ்ரௌவ்வில்லுக்குப் போகவில்லை. ஸ்காபரோவிலேயே ஒரு மாடிக் குடியிருப்பில் ஆறாம் மாடிக்குப் போகிறார்கள். ஸ்னோ தள்ளத் தேவையில்லை, கீழே இரவு பகலாகக் காவலுக்கு ஆள், பக்கத்துக் கதவில் சுன்னாகத்து ஆட்கள், வாசலில் பஸ், றோட்டுக்கு அந்தப் பக்கம் அதே பிளாசா. போன கிழமை அங்கே தேத்தண்ணிக் கடையில் அண்ணையைக் கண்டேன். அக்கா பின் மேசையில் இருந்து கூப்பிட்டார். அண்ணையோடு சேர்ந்து கடையில் நாலு பேர் “ஓம்” என்றார்கள். மகன் மட்டும் இன்னும் ஆறவில்லை. அன்று தொலைபேசியை வைக்கும் முன் அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அங்கிள், நான் அப்பாவை ஓம் எண்டு சொல்ல வைக்கத்தானே கேட்டனான்? நீங்கள் அம்மாவை நோ எண்டு சொல்ல வைச்சிட்டீங்கள். சீரியஸ்லி, பேஸ்மென்டை இப்ப நான் என்ன செய்யிறது?”

அடுத்த பயணத்துக்கான படிவத்தில் ‘கணவரின் பெயர்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே பெயர்தான் என்பதை எபிடோரஸில் பன்னிரண்டு கழுத்துகள் சாட்சி சொல்லிவிட்டன.